பானைச் சக்கரத்தில் கவனம் பழகுவது எப்படி?

மைண்ட்ஃபுல்னெஸ் என்றதும் பலருக்கும் கண்ணை மூடி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். அப்படி உட்கார்ந்து பார்த்து, கொஞ்ச நேரத்திலேயே சலித்துப்போய் எழுந்துவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டு கையிலும் ஈர மண்ணோடு, சுழலும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தும் அதே பயிற்சியைச் செய்யலாம். பானை வனைந்த பழக்கமோ தியானப் பழக்கமோ இருக்க வேண்டியதில்லை.

முதலில் மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதை, வேண்டுமென்றே, சரி தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. அவ்வளவுதான். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் இதைச் சில வாரப் பயிற்சியாக வடிவமைத்து, நாள்பட்ட வலியோடு வாழ்ந்துகொண்டிருந்த நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மருத்துவமனை, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று இன்று இது பரவியிருப்பதில் அந்தப் பயிற்சிக்குப் பெரிய பங்குண்டு. வேர் மட்டும் மிகப் பழையது, பௌத்த தியான மரபில் இருப்பது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை ஆரம்பத்திலேயே களைந்துவிட வேண்டும். மனசு எங்கேயும் ஓடாமல் நிற்பதற்குப் பெயர் மைண்ட்ஃபுல்னெஸ் என்று பலர் நினைக்கிறார்கள். மனசு ஓடத்தான் செய்யும். ஓடிவிட்டது என்று தெரிந்துகொண்டு, அதைத் திட்டாமல் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சி. 'என் மனசு அலைபாய்ந்துகொண்டே இருக்கிறது, எனக்கு இதெல்லாம் வராது' என்கிறவர், அலைபாய்வதைக் கவனித்திருக்கிறார். பயிற்சியில் பாதி அங்கேயே நடந்துவிட்டது. மீதி, திரும்பி வருவது.

கைவேலையை இதோடு சேர்ப்பது இந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் கண்டுபிடித்த விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். பாலி மொழியில் இருக்கும் 'சதிபட்டான சுத்த' என்ற பௌத்த உரையில், மூச்சைக் கவனிப்பது எப்படி என்று புத்தர் விளக்கும் இடத்தில் ஒரு கடைசல்காரர், அதாவது மரத்தைச் சுழலவிட்டுக் கடைந்து உருக்கொடுப்பவர், வருகிறார். கைதேர்ந்த கடைசல்காரரோ அவரிடம் தொழில் பழகும் ஆளோ, நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறோம் என்று அறிந்திருக்கிறார், சின்னதாக இழுக்கும்போது சின்னதாக இழுக்கிறோம் என்று அறிந்திருக்கிறார். மூச்சையும் அப்படி அறிந்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பகுதி. சுழலும் பொருளின்மேல் கை வைத்து வேலை செய்யும் ஒருவரையே அங்கே முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் குருவை மட்டுமல்ல, பழகும் ஆளையும் சேர்த்து. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

சக்கரத்துக்கு என்ன தனிச் சிறப்பு?

பின்னல், கோலம், தோட்டவேலை என்று எதையும் கவனத்தோடு செய்யலாம். ஆனால் பழகிய கோலத்தைப் போடும்போது கை பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், மனசு பாட்டுக்கு வேறு எங்கோ இருக்கும். கோலமும் நன்றாகவே வந்துவிடும். புதிதாகச் சக்கரத்தில் உட்காருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. கவனம் நழுவினால் கை நழுவும், கை நழுவினால் அடுத்த சுற்றிலேயே மண் கோணும். நழுவிய அந்தக் கணத்திலேயே உள்ளங்கைக்குச் சேதி வந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் களிமண்ணின் அமைப்பு. மிக நுண்ணிய, தட்டையான துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க, இடையிடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அழுத்தினால் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அழுத்தத்தை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை, தானாக ஓடிப் பரவுவதும் இல்லை, நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அதனால் விரல் செய்தது எல்லாம் மண்ணில் பதிவாகிறது. கையால் வனைந்த எந்தக் கோப்பையை வேண்டுமானாலும் எடுத்து உள்பக்கம் தடவிப் பாருங்கள். அடியிலிருந்து விளிம்பு வரை சுருள்சுருளாக ஒரு வரி ஏறிப்போகும். வனைந்தவரின் விரல் எங்கே தயங்கியது, எங்கே வேகமாக ஏறியது என்பதுகூட அதில் தெரியும்.

இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன். முழங்கை வரை சேறாக இருக்கும்போது போனைத் தொட முடியாது.

மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது

சக்கரத்தில் கற்றுக்கொள்ளும் முதல் வேலையும் கடினமான வேலையும் இதுதான். ஸ்டூடியோக்களில் 'சென்டரிங்' என்பார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் பழக வந்தவர் இந்த ஒரு வேலையிலேயே பல வாரம் இருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை மண் போதும். அதை முதலில் நன்றாகப் பிசைய வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறவும், ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் இளகலாகவும் இல்லாமல் மண் ஒரே பதத்துக்கு வரவும் இது தேவை. பிறகு உருண்டையாக்கி, காய்ந்த சக்கரத்தட்டின் நடுவில் ஓங்கி அறைந்து ஒட்டவைக்கிறீர்கள். எவ்வளவு குறி பார்த்து அறைந்தாலும் சரியாக நடுவில் விழாது. சக்கரத்தைச் சுற்றவிட்டதும் உருண்டை ஒரு பக்கமாகத் தள்ளாடுவது தெரியும்.

கையை ஈரமாக்கிக்கொள்ளுங்கள். முழங்கைகளைத் தொடையிலோ இடுப்பிலோ நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றினால், இடது உள்ளங்கையின் அடிப்பகுதி மண்ணின் பக்கவாட்டில் அண்டைகொடுக்கும், வலது கை மேலிருந்து அழுத்தும். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் மண்ணின் மேடான இடம் வந்து உள்ளங்கையை ஒரு இடி இடிக்கும். புதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். மேடு வரும்போது கை பின்வாங்கும், பள்ளம் வரும்போது முன்னேறும். அதாவது மண் போகிற போக்குக்குக் கை ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஆடும்வரை மண் நடுவுக்கு வராது.

செய்ய வேண்டியது, கையை ஓரிடத்தில் நிறுத்துவது. தள்ளுவதைவிட நகராமல் இருப்பதில்தான் வேலை இருக்கிறது. கை நிலையாக நின்றால், மேடு அதன்மேல் வந்து மோதி மோதித் தானே அமுங்கும். புஜபலத்தால் நடக்கும் காரியமல்ல இது. முழங்கை ஊன்றியிருந்தால் உடலின் எடையே எலும்பு வழியாக மண்ணில் இறங்கும். மெலிந்த தேகம் உள்ளவர்கள் நாலைந்து கிலோ மண்ணை அலட்டிக்கொள்ளாமல் நடுவுக்குக் கொண்டுவருவது இதனால்தான்.

இந்த இடத்தில் உங்கள் மூச்சைப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். பல்லைக் கடித்திருப்பீர்கள், தோள் காதுவரை ஏறியிருக்கும். 'அடடா' என்று பதற வேண்டாம். தோளை இறக்குங்கள், மூச்சை விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது அழுத்தம் கொடுங்கள். அப்படிச் செய்யும்போது உடல் இறுக்கமில்லாமல் கனமாகிறது, கையின் நடுக்கம் குறைகிறது. அடுத்த பத்து விநாடியில் மறுபடியும் மூச்சைப் பிடித்திருப்பீர்கள். மறுபடியும் விடுங்கள்.

நடுவுக்கு வந்துவிட்டது என்பதைக் கண்ணைவிடக் கை முன்னதாகச் சொல்லிவிடும். இடி நின்றுபோய், கைக்கு அடியில் ஒரே சீரான வழுவழுப்பு இருக்கும். பார்த்தால், சக்கரம் சுற்றுகிறது, மண் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். விரல் நுனியைப் பக்கவாட்டில் லேசாக வைத்துப் பாருங்கள். சுற்று முழுக்க ஒரே அளவில் பட்டால் சரி. கண்ணை மூடிக்கொண்டும் இதைச் செய்து பார்க்கலாம், நல்ல பயிற்சி.

கையை எடுப்பது

இதைப் பற்றி வகுப்புகளில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னைக் கேட்டால், சக்கரத்தில் கவனம் என்பது கை வைப்பதைவிடக் கை எடுப்பதில்தான் இருக்கிறது.

மண் நடுவுக்கு வந்ததும் மனசு 'முடிந்தது, அடுத்தது என்ன?' என்று முன்னால் ஓடிவிடும். கை வெடுக்கென்று மண்ணைவிட்டு விலகும். சரியாக அப்போதுதான் மண் மறுபடியும் கோணிக்கொள்ளும். காரணம் எளிது. சக்கரம் நிமிஷத்துக்கு 180 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு மூன்று சுற்று. ஒரு சுற்று முடிவதற்குள் கையை எடுத்துவிட்டால், கடைசி அழுத்தம் மண்ணின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்திருக்கும், மறுபக்கத்துக்குக் கிடைத்திருக்காது. ஒன்றிரண்டு விநாடி எடுத்துக்கொண்டு அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தால், நாலைந்து சுற்றுக்கு அது பங்கிட்டுக்கொள்ளும், மண் நேராக நிற்கும்.

அந்த ஒன்றிரண்டு விநாடி இருக்கிறதே, அதைத்தான் பழக வேண்டும். அழுத்தம் குறையக் குறைய உள்ளங்கையில் என்ன மாறுகிறது, மண்ணின் ஈரம் எப்போது கையைவிட்டுப் பிரிகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு எழுவதும் தெரியும். எழட்டும். கை மெதுவாகவே வரட்டும்.

இதற்குப் பிறகு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டை விரலை நடுவில் இறக்கிக் குழியாக்குகிறோம். அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது மண் மிச்சம் இருக்க வேண்டும், அதை விரலால் அழுத்திக் கெட்டிப்படுத்தவும் வேண்டும், இல்லாவிட்டால் காயும்போது அடி வெடிக்கும். சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்துச் சுவரை மேலே இழுக்கிறோம். கையின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். தண்ணீர் அதிகமானால் சுவர் தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

சரி, மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியாக இதை எப்படிச் செய்வது?

உட்காருவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இன்று எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. ஐந்தாறு உருண்டைகளைப் பிசைந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் கவனம் திரும்பிவர ஒரே ஒரு இடம். முதல் உருண்டைக்கு உள்ளங்கையில் படும் உணர்வு மட்டும். அடுத்ததற்கு மூச்சு. அதற்கடுத்ததற்கு வேண்டுமானால் சக்கரத்தின் ஓசை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயன்றால் களைத்துவிடுவீர்கள்.

நடுவில் நினைப்புகள் வரும். நாளைய வேலை, நேற்றுப் பேசிய பேச்சு, பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு அழகாக வனைகிறார் என்ற ஒப்பீடு. கடைசியாகச் சொன்னது கட்டாயம் வரும். 'நினைப்பு' என்று மனதுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு, அந்த உருண்டைக்கென்று வைத்துக்கொண்ட இடத்துக்கு வந்துவிடுங்கள்.

சுவர் சரிந்து விழுந்தால் சக்கரத்தை நிறுத்துங்கள். உடனே அடுத்த உருண்டைக்குப் பாய வேண்டாம். ஏமாற்றம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று ஒரு மூச்சு நேரம் பாருங்கள், தாடையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? பார்த்துவிட்டு, மண்ணைச் சுரண்டி எடுத்து ஓரமாக வையுங்கள். விழுந்த மண் தண்ணீர் குடித்துத் தளர்ந்திருக்கும், உடனே மறுபடி வனைய உதவாது. கொஞ்சம் இறுகிய பிறகு பிசைந்துகொள்ளலாம்.

சுவர் நன்றாக எழும்பி நின்றால்? கம்பியை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டிவிடுங்கள். இது மனசைக் கல்லாக்கிக்கொள்ளும் பயிற்சி அல்ல. பானை வனையக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் சகஜமாகச் செய்ய வைக்கும் வேலைதான். வெட்டுவாயைப் பார்த்தால் சுவரின் கனம் அப்படியே தெரியும். அடிப்பக்க மூலையில் மண் தேங்கி நிற்கும், நடுவில் ஓரிடம் மெலிந்திருக்கும், விளிம்பு சீராக இருக்காது. எந்த இடத்தில் கை அவசரப்பட்டது என்று காட்டிவிடும். வெட்டுவதற்கு முன்னால் கை தயங்குவதையும் கவனித்துக்கொள்ளுங்கள். 'இது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே' என்ற குரல் மிக நியாயமாகப் பேசும்.

வெட்டினால் மண் வீணாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. காய்ந்துபோனாலும்கூடப் பச்சை மண்ணை ஊறவைத்து, பிசைந்து, எத்தனை தடவை வேண்டுமானாலும் வனையலாம். சூளையில் ஏறிய பிறகுதான் அது முடியாது. வெப்பம் சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டி 600-ஐ நெருங்கும்போது, துகள்களின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் அது களிமண் ஆகாது, ஓடுதான். ஆக, ஆரம்பத்தில் வனைந்ததையெல்லாம் சூளையில் ஏற்ற ஆசைப்படாமல் இருப்பது மண்ணுக்கும் நல்லது, விறகுக்கும் மின்சாரத்துக்கும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'மண் கோணினால் உன் மனசு கோணலாக இருக்கிறது' என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். மண் கோணுவதற்குப் பிசைந்தது போதாமல் இருக்கலாம், உள்ளே காற்று இருக்கலாம், மண் ரொம்பக் கெட்டியாக இருக்கலாம், இருக்கை உயரம் ஒத்துவராமல் முழங்கை அந்தரத்தில் நிற்கலாம். இதையெல்லாம் மனக்குறை என்று எண்ணிக்கொண்டால், தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்க வந்தவர் சுற்றுக்கொரு தீர்ப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுபக்கமும் உண்டு. கைதேர்ந்தவர் மனசு முழுக்கக் கவலையோடு அருமையான பானையை வனைந்துவிடுவார். பானையின் அழகு கவனத்துக்கு அளவுகோல் ஆகாது.

அதே மாதிரி, வேலையில் மூழ்கி நேரம் போவதே தெரியாமல் இருப்பதும் மைண்ட்ஃபுல்னெஸும் ஒன்றல்ல. முதலாவதை உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 'ஃப்ளோ' என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்தார். அதில் 'நான்' மறந்துபோகிறது, நேரம் மறந்துபோகிறது. இங்கே நாம் பழகுவது, நடப்பது தெரிந்திருப்பது. சக்கரத்தில் இரண்டும் மாறி மாறி வரும். முதலாவது வந்தால் சந்தோஷமாக இருங்கள். வராத நாளில் பயிற்சி தோற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். சலிப்போடு உட்கார்ந்திருந்து, சலிப்பைச் சலிப்பு என்று தெரிந்துகொண்டால் அன்றைக்கு நல்ல பயிற்சிதான்.

அறிவியல் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் படம் வரைவது, ஒட்டுவேலை, களிமண் பிடிப்பது போன்றவற்றில் ஈடுபட்டார்கள். அவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழு இல்லை, சக்கரத்தைப் பற்றியதும் அல்ல. ஆகவே 'பானை வனைந்தால் மன அழுத்தம் தீரும்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். சக்கரம் அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கும்.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

நம் பக்கத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் 1971-ல் புதுச்சேரியில் தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற மண்பாண்டப் பட்டறையில் பழகியவர்கள் பலர், பின்னாளில் தனித்தனிப் பட்டறைகள் அமைத்தார்கள். புதுச்சேரி, ஆரோவில் சுற்றுவட்டாரம் ஸ்டூடியோ மண்பாண்டக் கலைக்கு இந்தியா முழுக்கப் பெயர்பெற்றதற்கு அது முக்கியக் காரணம். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் இப்போது வகுப்புகள் நடக்கின்றன.

இன்னொரு பக்கம், நம் ஊர்களில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரத்தில் இருக்கிறார்கள். மானாமதுரை கடம் கச்சேரி மேடைவரை போனது அப்படிப்பட்ட கைகளால்தான். ஊர்ச் சக்கரத்தில் மோட்டார் இல்லாமல் வேலை நடப்பதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். கனமான சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, அந்த வேகம் தளர்வதற்குள் வேலையை முடிக்கிறார்கள். வேகமாகச் சுழலும்போது மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது, வேகம் குறையும்போது சுவரை எழுப்புவது என்று சக்கரத்தின் தளர்ச்சியோடு சேர்ந்தே கையும் போகிறது. ஆனால் அவர்களுக்கு இது பிழைப்பு. மழைக்காலத்தில் பானை காயாது, சூளை போட முடியாது, வருமானம் நின்றுபோகும். அங்கே போய், 'எவ்வளவு நிம்மதியான வேலை' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கற்றுக்கொடுக்கக் கேட்டால், நகரத்து ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் குறையாமல் கொடுங்கள்.

போவதற்கு முன்னால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரம் வளையலைக் கழற்றிவிடுங்கள், நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகுவலியோ மணிக்கட்டு வலியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், இருக்கையையும் சக்கரத்தையும் உயர்த்தித் தருவார்கள். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். அதனால் வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்த மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இந்தத் துடைக்கும் வேலையையும் நீங்களே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிச் செய்யுங்கள், கவனம் பழக அதுவும் நல்ல இடம்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "சூளையில் ஏற்றாமல், வனைந்து வனைந்து வெட்டிக்கொண்டே இருக்க விடுவீர்களா?" இரண்டு மணி நேரத்தில் ஒரு பூச்சாடி உறுதி என்று சொல்லும் இடங்களில், நடுவுக்குக் கொண்டுவரும் வேலையைப் பெரும்பாலும் ஆசிரியரே உங்களுக்காகச் செய்துவிடுவார். தாராளமாக வெட்டுங்கள் என்று சொல்லி, உங்கள் பக்கத்தில் ஒரு வாளி மண்ணை வைத்துவிட்டுப் போகிற ஆசிரியர் கிடைத்தால் அங்கே சேருங்கள்.